சிலந்திப் பேன் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? வீட்டுக்குள் வளரும் செடிகளை மீட்கும் முறை

கேள்வியின் சாரம் இது. வீட்டுக்குள் வைத்திருக்கும் கலத்தியா, அரிகா பனை, ஐவிக் கொடி ஆகியவற்றின் இலைகளில் ஊசியால் குத்தியதுபோல் வெளிர்புள்ளிகள் தோன்றியுள்ளன. இலைக்காம்புகளுக்கு இடையில் மெல்லிய நூலாம்படை படர்ந்திருக்கிறது. வேப்ப எண்ணெய் தெளித்ததும் பேன்கள் மறைந்தன. பத்து நாள் கழித்து முன்னைவிட அதிகமாகத் தென்பட்டன. மீண்டும் தெளித்தபோதும் அதே கதைதான். இன்னும் வீரியமான பூச்சிமருந்து வாங்க வேண்டுமா, அல்லது செடிகளை எறிந்துவிட வேண்டுமா?

பெரும்பாலான வீடுகளில் இரண்டுமே தேவைப்படாது. வேப்ப எண்ணெய் தன் வேலையைச் செய்திருக்கிறது. தெளித்தவுடன் பேன்கள் கண்ணில் படாமல் போனதே அதற்குச் சான்று. ஆனால் அன்று இலையின் அடிப்புறத்தில் எண்ணெய் படாமல் தப்பிய முட்டைகள் சில நாட்களில் பொரிந்து, அவற்றிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் நீங்கள் அடுத்த முறை தெளிப்பதற்கு முன்பே வளர்ந்து முட்டையிடத் தொடங்கிவிட்டன. ஆகவே, எந்த மருந்து என்று யோசிப்பதைவிட, எத்தனை நாளுக்கு ஒரு முறை, இலையின் எந்தப் பக்கத்தில், எத்தனை வாரம் வரை என்று யோசிப்பதே பலன் தரும். மிகச் சாதாரணமான சோப்புக் கரைசலும் குழாய்த் தண்ணீரும் சரியான இடைவெளியில் பயன்படுத்தப்பட்டால், தவறான இடைவெளியில் தெளிக்கப்படும் விலையுயர்ந்த மருந்தைவிட நன்றாக வேலை செய்யும்.

இதைப் புரிந்துகொள்ள அந்த உயிரின் வாழ்க்கையைச் சற்று அறிந்திருக்க வேண்டும். வீட்டுச் செடிகளில் பெரும்பாலும் காணப்படுவது டெட்ரானிகஸ் உர்டிகே என்னும் இரு புள்ளிச் சிலந்திப் பேன். 1836இல் கோக் என்னும் ஜெர்மானிய ஆய்வாளரால் விவரிக்கப்பட்ட இவ்வினம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாவர இனங்களை உண்டு வாழக்கூடியது. எனவே ஒரு தொட்டியில் வந்தது பக்கத்துத் தொட்டிக்குப் பரவாது என்று நம்புவதற்கு இடமில்லை. முழுவளர்ச்சி அடைந்த பெண் பேனின் நீளம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். எட்டுக் கால்கள் உடைய இது பூச்சி வகுப்பைச் சேர்ந்ததன்று. சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. பூச்சிகளுக்கென உருவாக்கப்பட்ட மருந்துகளில் பல இதன்மீது செல்லுபடியாகாமல் போவதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

இலையின் அடிப்புறத்தில் அமர்ந்து, ஊசி போன்ற வாயுறுப்பை உட்செலுத்தி, உயிரணுக்களில் உள்ள பச்சையத்தோடு கூடிய சாற்றை இது உறிஞ்சுகிறது. சாறு இழந்த ஒவ்வோர் இடமும் மேற்புறத்தில் ஒரு வெளிர்புள்ளியாகத் தெரிகிறது. புள்ளிகள் பெருகி ஒன்றோடொன்று சேரும்போது இலை முதலில் மங்கி, பிறகு வெண்கல நிறமாகி, இறுதியில் காய்ந்து உதிர்கிறது.

முட்டை, ஆறு கால் குஞ்சு, எட்டுக் கால் கொண்ட இரு இளம்பருவங்கள், முழுவளர்ச்சி என்று இதன் வாழ்க்கை செல்கிறது. முட்டைக்கும் முழுவளர்ச்சிக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் பேன் அசையாமல் ஒட்டிக்கொண்டு தோலுரிக்கிறது. அந்த ஓய்வு நிலையில் அது உண்பதில்லை, மருந்துக்கும் எளிதில் மசிவதில்லை. இந்த முழுச் சுற்றும் எத்தனை நாளில் முடியும் என்பதை வெப்பநிலையே முடிவு செய்கிறது. 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் முட்டை மூன்று நாட்களில் பொரிந்துவிடும். ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் அடுத்த தலைமுறை முட்டையிடத் தயாராகிவிடும். 20 டிகிரியில் இதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். ஒரு பெண் பேன் சில வார வாழ்நாளில் நூறு முட்டைகள் வரை இடக்கூடியது. போதாக்குறைக்கு, இணை சேராத பெண்ணும் முட்டையிடும். கருவுறாத அம்முட்டைகளிலிருந்து ஆண் பேன்கள் மட்டும் பிறக்கும். அந்த ஆண்களுடனேயே தாய் இணைந்து, பிறகு பெண்களையும் ஈனும். அதாவது, தப்பிப் பிழைத்த ஒரே ஒரு பெண் பேன் புதிய கூட்டத்தைத் தொடங்கப் போதுமானது. பத்து நாளுக்கு ஒரு முறை மருந்து தெளிக்கும் பழக்கம் வெப்பமான அறையில் ஏன் தோற்கிறது என்பது இப்போது விளங்கும்.

சிகிச்சையைத் தொடங்கும் முன் நோய் இதுதானா என்று உறுதிசெய்துகொள்வது அவசியம். ஒரு வெள்ளைத் தாளை இலைக்குக் கீழே பிடித்து, இலையை விரலால் சில முறை தட்டுங்கள். தாளில் விழுந்த தூசிகளில் சில அரை நிமிடத்தில் மெல்ல நகரத் தொடங்கினால் அவை பேன்கள். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சிறு லென்ஸ் கையில் இருந்தால், வெளிர்மஞ்சள் அல்லது இளம்பச்சை உடலின் இருபுறமும் கரும்புள்ளிகளைக் காணலாம். இலையின் அடியில் முத்துப்போல் உருண்ட, ஏறத்தாழ ஒளி ஊடுருவும் முட்டைகளும், உரித்துப் போட்ட வெள்ளைத் தோல்களும் தெரியும். நூலாம்படை தெரிந்த பிறகே பலர் கவனிக்கிறார்கள். ஆனால் நூலாம்படை என்பது கூட்டம் பெருகிய பின் தோன்றும் அறிகுறி. அதற்கு ஓரிரு வாரம் முன்பே வெளிர்புள்ளிகள் வந்துவிடும்.

வேறு சிலவும் இதேபோல் தோற்றமளிக்கும். இலைப்பேன் (த்ரிப்ஸ் என்னும் சிறு பூச்சி) தாக்கிய இலையில் வெள்ளிபோல் மினுங்கும் திட்டுகளும், அவற்றின்மேல் மைப்புள்ளி போன்ற கரிய எச்சமும் இருக்கும். சிலந்திப் பேனின் தாக்குதலில் அந்த மினுமினுப்பான கருமை இராது. ஆர்க்கிட் போன்ற செடிகளைத் தாக்கும் தட்டைப் பேன்கள் நூலாம்படை பின்னுவதில்லை. இளந்தளிர் சுருண்டு, தடித்து, உருக்குலைந்து வந்தால், லென்ஸிலும் எளிதில் பிடிபடாத அகன்ற பேனைச் சந்தேகிக்க வேண்டும். நரம்புகள் பச்சையாக இருக்க அவற்றுக்கு இடைப்பட்ட பகுதி சீராக மஞ்சளாவது சத்துக் குறைபாடாக இருக்கலாம். தொட்டி மண்ணின் மேல் ஓடித் திரியும் வெண்ணிறச் சிற்றுயிர்கள் பெரும்பாலும் மக்கிய பொருளை உண்பவை. அவற்றுக்கும் உங்கள் இலைகளுக்கும் தொடர்பில்லை. நீங்கள் விவரித்த புள்ளிகளும் நூலாம்படையும் சேர்ந்து வருவது சிலந்திப் பேனுக்கே உரியது என்பதால், உங்கள் செடிகளைப் பொறுத்தவரை எனக்கு ஐயம் இல்லை.

முதல் நாள் செய்ய வேண்டியவற்றில் மருந்து கடைசியாகத்தான் வருகிறது. தாக்கப்பட்ட செடிகளைப் பிறவற்றிலிருந்து விலக்கி வேறோர் அறைக்குக் கொண்டுசெல்லுங்கள். இலைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் பேன் நடந்தே கடந்துவிடும், நூலில் தொங்கியபடி காற்றில் மிதந்தும் செல்லும், உங்கள் சட்டைக் கையிலும் கத்தரியிலும் ஒட்டிக்கொண்டும் பயணம் செய்யும். எனவே நலமான செடிகளை முதலில் கவனித்துவிட்டு, நோயுற்றவற்றைக் கடைசியில் தொடுவது நல்ல வழக்கம். பாதிக்கு மேல் வெளிறிய இலைகளை வெட்டி, உடனே ஒரு பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். திறந்த குப்பைக்கூடையில் போட்டால், இலை வாடியதும் பேன்கள் வேறு இடம் தேடிக் கிளம்பும்.

அடுத்தது தண்ணீர். இந்தப் பதில் முழுவதிலும் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள நேர்ந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். தொட்டியின் மேற்பகுதியைப் பிளாஸ்டிக் பையால் மூடி, மண் சிதறாமல் கட்டி, குளியலறையில் செடியைச் சாய்த்துப் பிடித்து, இலைகளின் அடிப்புறத்தில் கைத்தெளிப்பானின் தாரை நேரடியாகப் படும்படி, இலை கிழியாத அளவு வேகத்தில் கழுவுங்கள். நூலாம்படை இந்தக் கழுவலில்தான் கலைகிறது. அது கலையாமல் எந்தக் கரைசலும் பேனைச் சென்றடையாது. முட்டைகளிலும் ஒரு பகுதி அடித்துச் செல்லப்படும். கலத்தியா போன்ற அகன்ற இலைகளை அதன்பின் ஈரத்துணியால், காம்பிலிருந்து நுனி நோக்கி, அடியும் மேலுமாகத் துடைக்கலாம். ஒரு செடிக்குப் பயன்படுத்திய துணியை அலசாமல் அடுத்த செடிக்குக் கொண்டுபோகக் கூடாது. ஐவிக்கு வேறு வசதி உண்டு: பாதி நீளத்துக்குக் கத்தரித்துவிட்டு, தொட்டியைத் தலைகீழாகப் பிடித்து, கொடி முழுவதையும் ஒரு வாளிச் சோப்புத் தண்ணீரில் சில நிமிடம் அமிழ்த்தி எடுத்தால், தெளிப்பான் எட்டாத மடிப்புகளெல்லாம் நனைந்துவிடும். அரிகா பனையின் இலைகள் கீற்றுக் கீற்றாகப் பிரிந்திருப்பதால் துடைப்பது வீண் உழைப்பு; தாரைக்கழுவலே அதற்கு ஏற்றது.

கழுவிய நீர் வடிந்த பிறகு சோப்புக் கரைசலைத் தெளிக்கலாம். இங்கே சோப்பு என்பது கொழுப்பு அமிலங்களின் பொட்டாசியம் உப்பு. தோட்டக்கலைப் பயன்பாட்டுக்கெனத் திரவமாக விற்கப்படுவது. தெளிக்கும் கரைசலில் அதன் அளவு 1 முதல் 2 சதவீதம் இருந்தால் போதும். வாங்கிய திரவத்தின் அடர்த்தி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், எத்தனை மில்லி என்பதை அதன் உறையைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். பேனின் மென்மையான உடலைக் குலைத்துச் சோப்பு அதைக் கொல்கிறது. ஈரமாக இருக்கும் வரைதான் இந்த வேலை நடக்கும். காய்ந்தபின் இலையில் எஞ்சும் சோப்பால் எந்தப் பயனும் இல்லை. எனவே இலையின் அடிப்புறம் சொட்டச் சொட்ட நனைவது முக்கியம், மேற்புறம் பளபளப்பதில் ஒன்றுமில்லை. கடின நீரில் உள்ள சுண்ணாம்பும் மெக்னீசியமும் சோப்போடு கூடி அதைச் செயலிழக்கச் செய்யும். ஒரு கண்ணாடிக் குவளையில் கலந்து பார்த்து, மேலே திரிதிரியாக மிதந்தால் மழைநீரோ சுத்திகரித்த நீரோ பயன்படுத்துங்கள். கரைசல் சில மணி நேரம் இலையில் இருந்தபின் வெறும் நீரால் அலசிவிடுவது மெல்லிய இலைச் செடிகளுக்கு நல்லது.

பாத்திரம் கழுவும் திரவத்தைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அது பேனைக் கொல்லாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை உண்மையில் சோப்பல்ல, எண்ணெய்ப்பிசுக்கை நீக்கவே உருவாக்கப்பட்ட சலவைப் பொருட்கள். இலையைப் பாதுகாக்கும் மெழுகுப் படலத்தையும் அவை கரைக்கக்கூடும். மணமும் நிறமும் சேர்ந்த திரவத்தால் பேனும் செத்து இலையும் கருகிய செடிகளைப் பார்த்திருக்கிறேன்.

வேப்ப எண்ணெய் பயன்படுத்துவோர் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 5 மில்லி எண்ணெயும், அது நீரில் கலப்பதற்காக ஒன்றிரண்டு மில்லி திரவச் சோப்பும் சேர்க்கலாம். முதலில் சோப்பை நீரில் கரைத்து, பிறகு எண்ணெயைச் சிறுகச் சிறுக ஊற்றிக் குலுக்க வேண்டும். தெளிக்கும்போதும் இடையிடையே குலுக்க வேண்டும், இல்லையெனில் முதலில் வெறும் நீரும் கடைசியில் வெறும் எண்ணெயும் இலையில் விழும். கலந்த கரைசலை அன்றே தீர்த்துவிடுங்கள். எண்ணெய்க்குச் சோப்பைவிட ஒரு சிறப்பு உண்டு: அது முட்டையின்மேல் படலமாகப் படிந்து மூச்சடைக்கச் செய்யும். உங்கள் முதல் இரு தெளிப்பிலும் முட்டைகள் பிழைத்ததற்குப் பெரும்பாலும் நூலாம்படையும் எட்டாத மடிப்புகளுமே காரணமாக இருந்திருக்கும். தோட்டக்கலைக்கென வடிக்கப்பட்ட கனிம எண்ணெய்களும் இதே முறையில் செயல்படுகின்றன.

எண்ணெயோ சோப்போ, எச்சரிக்கைகள் ஒன்றே. 32 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திலும், வெயில் விழும் சன்னலோரத்திலும், தண்ணீர் இன்றி வாடிய செடியிலும் தெளிக்கக் கூடாது; முதல் நாளே நீர் ஊற்றி, மாலையில் தெளிப்பது பாதுகாப்பானது. பெரணிகள், சதைப்பற்றுள்ள செடிகள், இலையில் மென்மயிர் உள்ள ஆப்பிரிக்க வயலெட் போன்றவை எளிதில் தழும்பாகும். எந்தச் செடியாயினும் ஓர் இலையில் மட்டும் தெளித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு முழுச்செடிக்குப் போங்கள். கந்தகம் தெளித்த செடியில் சில வாரங்களுக்கு எண்ணெய் படக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் இலை கருகும். நனையும் கந்தகத்தூள் பேனுக்கு நல்ல மருந்துதான், ஆனால் அதன் வாடையும் தூளும் வீட்டுக்குள் சகிக்கத்தக்கவை அல்ல என்பதால் திறந்தவெளிக்கு விட்டுவிடலாம்.

இனி இடைவெளி. அறை 25 முதல் 30 டிகிரி வரை இருக்குமானால், கழுவலும் தெளிப்பும் மூன்று அல்லது நான்கு நாட்களுக்கு ஒரு முறை நடக்க வேண்டும். 20 டிகிரியை ஒட்டிய குளிர்ந்த அறையாக இருந்தால் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை விடலாம். இந்தக் கணக்கின் அடிப்படை எளிது: தப்பிய முட்டையிலிருந்து வரும் குஞ்சு, தான் முட்டையிடும் வயதை எட்டும் முன்னர் குறைந்தது ஒரு முறை, முடிந்தால் இரு முறை, கரைசலில் நனைந்தாக வேண்டும். அப்படி ஒவ்வோர் அலையும் சந்ததி இல்லாமலேயே அறுபடும்போது கூட்டம் தானாகத் தேயும். குறைந்தது மூன்று வாரம் இவ்வாறு தொடருங்கள். இரண்டாவது வாரத்தில் பேன் எதுவும் தெரியாது; அங்கேதான் பெரும்பாலோர் கைவிடுகிறார்கள், அங்கேதான் மீண்டும் தொடங்குகிறது. நிறுத்தலாமா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், ஒரு வார இடைவெளியில் இரு முறை வெள்ளைத்தாள் சோதனை செய்து, இரண்டிலும் ஒன்றும் நகரவில்லை என்றால் நிறுத்துங்கள்.

ஒருமுறை வெளிறிய இலை மீண்டும் பச்சையாகாது. உறிஞ்சப்பட்ட உயிரணுக்கள் செத்தவை. பழைய புள்ளிகளைப் பார்த்துச் சிகிச்சை பலிக்கவில்லை என்று எண்ணி மருந்தைக் கூட்டுவோர் உண்டு. புதிதாக விரியும் இலை புள்ளியின்றி வருகிறதா என்பதே அளவுகோல்.

வீரியமான பூச்சிமருந்து பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். பொதுவாகப் பூச்சிகளுக்கு விற்கப்படும் இமிடாகுளோப்ரிட், கார்பரில், பைரித்ராய்டு வகை மருந்துகள் சிலந்திப் பேனைக் குறைப்பதற்குப் பதிலாகப் பெருக்கிவிட்ட நிகழ்வுகள் நன்கு பதிவாகியுள்ளன. அவை பேனை உண்ணும் இயற்கை எதிரிகளைக் கொன்றுவிடுகின்றன. சில சமயம் பேனின் முட்டையிடும் திறனையே கூட்டுகின்றன. மாவுப்பூச்சிக்கென்று மண்ணில் குருணை மருந்து போட்ட வாரங்களில் பேன் தொல்லை கிளம்பினால் அது தற்செயலாக இராது. பேனுக்கென்றே தயாரிக்கப்படும் மருந்துகள் தனி. அவற்றில் ஹெக்ஸிதயசாக்ஸ், எடாக்ஸசோல் போன்றவை முட்டையையும் இளம்பருவத்தையும் தாக்குபவை. வளர்ந்த பேன் அவற்றால் உடனே சாவதில்லை. அபமெக்டின் இலைக்குள் ஊடுருவி, உறிஞ்சும் பேனைக் கொல்லும். ஆனால் மனிதருக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் நச்சுத்தன்மை உடையது, உறங்கும் அறையிலும் சமையலறையிலும் தெளிக்கத் தக்கதன்று.

அதைவிடப் பெரிய சிக்கல் எதிர்ப்புத்திறன். தொண்ணூறுக்கும் மேற்பட்ட மருந்து மூலக்கூறுகளுக்கு எதிராக இந்தப் பேன் இனத்தில் எதிர்ப்புத்திறன் பதிவாகியிருக்கிறது. கணுக்காலிகளிலேயே இதற்கு முதலிடம் என்று சொல்லப்படுகிறது. குறுகிய தலைமுறை, ஏராளமான முட்டை, ஒற்றை மரபணுத் தொகுதியுடன் பிறக்கும் ஆண்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து, மருந்தைத் தாங்கும் மரபணுவை விரைவில் கூட்டமெங்கும் பரப்பிவிடுகின்றன. 2011இல் இதன் மரபணுத்தொகுதி முழுமையாக வாசிக்கப்பட்டபோது, நச்சுகளைச் செரிக்கும் மரபணுக் குடும்பங்கள் விரிவடைந்திருப்பது தெரியவந்தது. நாற்றங்காலில் பல மருந்துகளைப் பார்த்துவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்த பேனுக்கு நீங்கள் வாங்கும் மருந்து புதியதாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. மூன்று வார முறையான கழுவலுக்குப் பிறகும் கூட்டம் குறையாத நிலையில் மட்டும், வீட்டுக்குள் பயன்படுத்த அனுமதி உண்டென்று உறையில் எழுதப்பட்ட பேன்கொல்லி ஒன்றை, செடியை வெளியே எடுத்துச்சென்று தெளித்து, அடுத்த முறை வேறு வகையில் செயல்படும் மற்றொன்றை மாற்றித் தெளிப்பது முறை. சோப்புக்கும் எண்ணெய்க்கும் எதிராக எதிர்ப்புத்திறன் எளிதில் உருவாவதில்லை. அவை உடலைப் பௌதிக ரீதியாகத் தாக்குகின்றன என்பதே காரணம்.

செடிகள் நிறைய உள்ளவர்களுக்கு, ஒவ்வொன்றையும் கழுவுவது நடைமுறைக்கு ஒவ்வாது. அவர்களுக்கு இரைவிழுங்கிப் பேன்கள் உண்டு. 1958இல், சிலி நாட்டிலிருந்து ஜெர்மனிக்குச் சென்ற ஆர்க்கிட் செடிகளில் தற்செயலாகக் கண்டெடுக்கப்பட்ட பைட்டோசீயுலஸ் பெர்சிமிலிஸ் என்னும் செந்நிறப் பேன் சிலந்திப் பேனைத் தவிர வேறெதையும் உண்பதில்லை என்றே சொல்லலாம். இன்று உலகெங்கும் பசுமைக்குடில்களில் அது விடப்படுகிறது. இரையைவிட வேகமாக ஓடும், முட்டையையும் உண்ணும். ஆனால் அதற்கு 60 சதவீதத்துக்கு மேற்பட்ட காற்று ஈரப்பதம் வேண்டும். இரை தீர்ந்ததும் அதுவும் பட்டினியால் அழிந்துவிடும். வறண்ட அறைக்கு நியோசீயுலஸ் கலிஃபோர்னிகஸ் பொருத்தமானது. சற்று மெதுவாக வேலை செய்தாலும், மகரந்தத்தையும் உண்டு பசியைத் தாக்குப்பிடிக்கும். இவற்றை விடுவதற்கு முன் எண்ணெயும் மருந்தும் இலையில் எஞ்சியிருக்கக் கூடாது. நூலாம்படை மூடிய செடியில் விட்டுவிட்டு அற்புதம் எதிர்பார்ப்பதும் வீண். முதலில் கழுவி எண்ணிக்கையைக் குறைத்த பிறகு விடுவதே பயன் தரும். மனிதரையோ வளர்ப்பு விலங்குகளையோ இவை தீண்டுவதில்லை. சிலந்திப் பேனும் அப்படித்தான், உங்கள் படுக்கைக்கு அதனால் ஆபத்து இல்லை.

பரவலாகச் சொல்லப்படும் சில வைத்தியங்களைப் பற்றியும் கருத்துச் சொல்ல வேண்டும். இலைமேல் நாள்தோறும் பூத்தூறலாக நீர் தெளிப்பதால் பேன் ஒழியாது. அந்த ஈரம் சில நிமிடங்களில் காய்ந்துவிடுகிறது. பூண்டு, மிளகாய்க் கரைசல்கள் ஒரே சீரான வீரியத்தில் கிடைப்பதில்லை. கண்ணெரிச்சல் மட்டும் நிச்சயம். 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் தடித்த இலைகளைத் துடைக்கலாம், கலத்தியாவின் மெல்லிய இலைக்கு அது கூடாது. மண்ணை மாற்றுவதும் தேவையில்லை, பேன் வாழ்வது இலையில்.

சூழலைத் திருத்துவது சிகிச்சைக்குப் பதிலாகாது, ஆனால் சிகிச்சையின் பாதிச் சுமையை இறக்கிவைக்கும். வறண்ட காற்றில் பேனின் உடல் நீர் எளிதில் ஆவியாகிறது; அதனால் அது கூடுதலாக உறிஞ்சுகிறது. ஆகவே சூடேற்றியின் காற்றும் குளிரூட்டியின் காற்றும் நேரே வீசும் இடத்திலிருந்து செடியை நகர்த்துங்கள். தண்ணீர்ப் பற்றாக்குறையால் வாடும் செடியில் பேன் விரைவாகப் பெருகும். தழைச்சத்து மிகுந்த உரம் இடப்பட்ட செடியின் சாறு பேனுக்கு விருந்து. சிகிச்சை முடியும் வரை உரத்தை நிறுத்திவையுங்கள். இலையில் படியும் தூசியும் அதற்குச் சாதகம் என்பதால், வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைக்கும் பழக்கம் இரட்டைப் பலன் தரும்: தூசியும் போகும், பேன் வந்திருந்தால் துணியில் செம்பழுப்புக் கீற்றாகத் தெரிந்தும்விடும்.

எறிவதா வேண்டாமா என்பது செடியின் அமைப்பைப் பொறுத்தது. கலத்தியாவின் உயிர் மண்ணுக்கடியில் உள்ள கிழங்குத் தண்டில் இருக்கிறது. இலைகள் அனைத்தும் கெட்டிருந்தாலும் மண்மட்டத்தில் வெட்டிவிட்டு, மண்ணை இலேசான ஈரத்தில் வைத்திருந்தால் புதுத்தளிர் வரும். பேனும் வெட்டிய இலைகளோடு போய்விடும். மிகக் கடுமையான தாக்குதலில் நான் முதலில் யோசிப்பது இதைத்தான். ஐவியில் பேன் படாத நுனிகளை வெட்டி, சோப்புத் தண்ணீரில் அலசி, நீரில் வேர்விடச் செய்து, தாய்ச்செடியைக் கைவிடலாம். அரிகாவில் இந்த வசதி இல்லை. அதன் ஒவ்வொரு தண்டும் உச்சியில் உள்ள ஒரே குருத்தை நம்பியே வாழ்வதால், குருத்தைத் தொடாமல் பழைய மட்டைகளை மட்டும் நீக்க வேண்டும். குருத்து வரை வெண்கல நிறமாகி, நான்கைந்து வாரக் கழுவலுக்குப் பிறகும் புது மட்டை புள்ளியோடு விரிந்தால், அந்தச் செடியை நானும் விட்டுவிடுவேன்; மூன்றில் ஒன்றைக் காப்பாற்றும் முயற்சியில் மற்ற இரண்டையும் மீண்டும் நோய்க்கு ஆளாக்குவதில் பொருளில்லை. எறியும்போது செடி நின்ற இடத்திலேயே பெரிய பையை அதன்மேல் கவிழ்த்துக் கட்டி, பிறகு எடுத்துச்செல்லுங்கள். அவிழ்ந்த மட்டைகளைக் கூடம் வழியாகத் தூக்கிச் சென்றால் வழியெங்கும் பேன் உதிரும்.

கடைசியாக இரண்டு குறிப்புகள். புதிதாக வாங்கும் எந்தச் செடியையும் மூன்று முதல் நான்கு வாரம் தனியே வைத்து, வாரம் ஒரு முறை தாள்சோதனை செய்த பின்னரே மற்றவற்றோடு சேருங்கள். முட்டையாக வந்தவை அதற்குள் வெளிப்பட்டுவிடும். குளிர்காலம் கடுமையாக உள்ள பகுதிகளில், பகல் குறுகிக் குளிர் தொடங்கும்போது பெண் பேன்கள் செம்மஞ்சள் நிறமாக மாறி, உண்பதை நிறுத்தி, தொட்டியின் விளிம்பு, தாங்குகோலின் பிளவு, பாசிக்கம்பு, சன்னல் சட்டத்தின் இடுக்கு ஆகியவற்றில் ஒடுங்கிவிடும். இலையில் ஒன்றும் இல்லாத அம்மாதங்களில் தொட்டியையும் கோலையும் சோப்புநீரால் தேய்த்துக் கழுவி, இடுக்குகளைத் துடைத்துவிட்டு, வெப்பம் திரும்பும் முதல் வாரங்களில் தாள்சோதனையை மீண்டும் தொடங்குங்கள்.